கைக்கு அடங்கிய ரைபிள்

மான் என்றால் எனக்கு போரிவிலி பூங்காவில் கம்பிக்குப் பின்னால் நிற்கும் மான்தான். துப்பாக்கி என்றால் வங்கி வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணயரும் காவலாளியின் மடியில் கிடப்பது. இந்த அறிவை வைத்துக்கொண்டு, கடலுக்கு அப்பால் காட்டோரத்தில் குடியிருக்கும் ஒரு பெண்மணிக்கு, மான் வேட்டைக்கு எந்த ரைபிளைக் கொண்டுபோக வேண்டும் என்று யோசனை சொன்னவன் நான். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

எங்கள் தோல் பட்டறை மும்பை தாராவியில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த வாப்பா தொடங்கியது. பெல்ட், பை, பர்ஸ் என்று வேலைக்குக் குறைவில்லை. ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகும் என் மகள், நாங்கள் செய்யும் கேமரா வார்களைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் அந்தம்மா எழுதினார். இதே தோலில், ரைபிளைத் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு வார் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். செய்யலாம், எந்த ரைபிள், நீளம் எவ்வளவு என்று நான் தமிழில் சொல்ல, மகள் அதை ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினாள். சாதாரணக் கேள்விதான். ஒரு வாரம் பதிலே இல்லை.

பிறகு நீளமாக ஒன்று வந்தது. அந்தம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கணவர் சில மாதங்களுக்கு முன்னால் இறந்துபோனார். குளிர் தொடங்கும் முன்னால் இருவரும் அரசாங்க அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போவார்களாம். வருஷத்துக்கு ஒரு மான். பனிக்காலம் முழுக்க அந்த இறைச்சிதான். போன வருஷம் அவர் படுத்த படுக்கையாகிவிட்டதால் இவர் தனியே, அவருடைய ரைபிளோடு போயிருக்கிறார். குண்டு மானின் பின்பக்கத்தில் பட்டது. அது ஓடிவிட்டது. ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே மழை வரும்வரை தேடியும் கிடைக்கவில்லை. அது எங்கே கிடந்து செத்ததோ என்று நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தார். இந்த வருஷம் சரியாகச் சுட்டால் தொடர்ந்து போவது, இல்லையென்றால் வேட்டையையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

வீட்டில் இரண்டு ரைபிள்கள். இரண்டும் என் மகளைவிட வயதில் மூத்தவை. இன்றைய பிளாஸ்டிக் சமாச்சாரம் இல்லை. கணவருடையது நீளம், கனம். வால்நட் மரக்கட்டையில் இலைக்கொடி செதுக்கி, மேலே தொலைநோக்கிக் குழாய் பொருத்தியது. மற்றது குட்டை. இளவயதில் இவர் பழைய சாமான் கடையில் வாங்கியது. விசைக்குக் கீழே உள்ள வளையத்தை இறக்கி ஏற்றினால் அடுத்த குண்டு தயார். இரண்டையும் தோளில் வைத்துப் பிடித்தபடி தனித்தனிப் படம் அனுப்பியிருந்தார். தோலோடு பழகியவர் நீங்கள், எதற்கு வார் செய்யலாம், நீங்களே சொல்லுங்கள் என்று முடித்திருந்தார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. உள்ளூரில் ஒருத்தன் என்னிடம் யோசனை கேட்டதில்லை. அந்த இலைக்கொடியைப் பெரிதாக்கிப் பார்த்தேனே தவிர, அதைப் பிடித்திருந்த கையைப் பார்க்கவில்லை. கணவருடையதையே எடுத்துக்கொள்ளுங்கள், அவருடைய மனம் குளிரும், போன வருஷத்துக் குறையும் அதே ரைபிளால் தீரும் என்று முந்திரிக்கொட்டை மாதிரி சொல்லிவிட்டேன். பதில் உடனே வந்தது. இதைத்தான் யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் இதை அளந்துகொண்டிருந்தேன். என் மனைவி மீன் குழம்புக் கையைக் கழுவிவிட்டு வந்து போனை வாங்கி, நீள ரைபிளோடு அந்தம்மா நிற்கும் படத்தைப் பார்த்தாள்.

"அந்தம்மா பின்னால சாயுறாவ, பாருங்க. துப்பாக்கிதான் அவியளத் தூக்கி வச்சிருக்கு."

துப்பாக்கியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"துப்பாக்கி தெரியாது. உங்க வாப்பா கத்தி தெரியும்லா."

 அந்தக் கத்தியோடு நான் பட்ட பாட்டை அவள் பார்த்திருப்பாள் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

வாப்பா மவுத்தான பிறகு வந்த முதல் பக்ரீத். குர்பானிக்குத் தேவ்நார் சந்தையில் ஆடு வாங்கியிருந்தோம். அறுக்கக் கறிக்கடை பாய் வந்திருந்தார். இல்லை, வாப்பா மாதிரி என் கையால்தான், வாப்பாவின் கத்தியால்தான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வாப்பா ஆறடி ஆள்; கத்தியும் அதற்கேற்ற நீளம். கத்தியை ஆட்டின் கண்ணில் காட்டக் கூடாது, அது துடிக்காதபடி ஒரே இழுப்பில் முடிய வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பிடி என் கைக்கு அடங்கவில்லை. பாதியில் மணிக்கட்டு திரும்பிவிட்டது. பாய் என்னை ஒதுக்கிவிட்டுத் தன் குட்டைக் கத்தியால் முடித்தார்.  அந்த ஆட்டின் சத்தம் மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்ரீத்துக்கும் ஏதாவது வேலை சொல்லித் தெருமுனைக்குப் போய் நின்றுகொள்வேன்.

படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தோளுக்கும் கைக்கும் அளவெடுத்து வார் வெட்டுகிறவனுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். நீண்ட ரைபிளோடு நிற்கும் படத்தில் முன்கை விறைத்து நீண்டிருந்தது, கழுத்து தொலைநோக்கிக் குழாயைத் தேடி எக்கியிருந்தது, இடுப்பு பின்னால் வளைந்திருந்தது. குட்டை ரைபிளோடு நிற்கும் படத்தில் அவர் சும்மா நின்றார். அதில் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

மகளைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன். ஆட்டில் தொடங்கி, கத்தி, பாய், தெருமுனை எல்லாம் சொன்னேன். அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"இத அந்தம்மாவுக்கு அனுப்பணுமா வாப்பா?"

"அனுப்பு. நான் சொன்னது தப்புன்னு எழுது. அவரு மேல உள்ள பிரியம் வேற, மானுக்கு வலிக்காம இருக்கணும்ங்கிறது வேற."

பதினைந்து நாள் பதில் இல்லை. துக்கத்தில் இருக்கிற மனுஷியிடம் கணவருடைய பொருளை எடுக்காதே என்று சொல்லிவிட்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மகளிடம் தினமும் கேட்பேன். அவள் ரயிலில் இருந்தபடியே, இல்லை என்று மெசேஜ் போடுவாள்.

பிறகு ஒரு பார்சல் வந்தது. உள்ளே கணவருடைய ரைபிளில் இருந்த பழைய வார், கறுத்து மெழுகேறிக் கிடந்தது. கூடவே ஒரு தாள். குட்டை ரைபிளையே எடுத்துப் போகிறேன், பக்கத்து வீட்டுக்காரரோடு போய்ச் சுட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன், இந்த வாரை அதற்குப் பொருந்தும்படி செய்து தர முடியுமா என்று மகள் படித்துச் சொன்னாள். நான் தாளை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாரில் ஏழு ஓட்டைகள். அதில் ஒன்று மட்டும் பெரிதாகி நீள்வட்டமாக இழுபட்டிருந்தது. எத்தனையோ வருஷம் அந்தம்மாவின் கணவர் கொக்கி மாட்டிய ஓட்டை அது. வழக்கமாக வாரைக் குறைத்தால் ஓட்டைப் பக்கம்தான் வெட்டுவோம், சுலபம். நான் மறுமுனையைப் பிரித்து, அங்கே வெட்டி, திரும்ப மடித்துக் கையாலேயே தைத்தேன். இரண்டு நாள் ஆனது. அந்தம்மா மாட்டும்போது கொக்கி அதே ஓட்டையில்தான் விழும்.

குளிர் தொடங்கியபோது செய்தி வந்தது. மகள் சமையலறை வாசலில் நின்று படித்தாள். ஒரே குண்டு. மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதற்கு நன்றி சொன்னாராம். பிறகு எங்களுக்கும்.

"துடிக்கலியாம்லா?" என்று மனைவி கேட்டாள். இல்லை என்றாள் மகள். நான் முகம் கழுவப் போவதுபோல எழுந்து போனேன்.

இந்த பக்ரீத்துக்குப் பத்து நாள் முன்னால் வாப்பாவின் கத்திக்கு எண்ணெய் போட்டு, நானே தைத்த தோல் உறையில் வைத்து அலமாரியில் ஏற்றினேன். பிறகு கத்தி செய்கிறவரிடம் போனேன். எத்தனை அங்குலம் வேண்டும் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அளந்துகொள்ளட்டும் என்று என் கையை விரித்து அவர் முன்னால் நீட்டினேன்.