திருப்புல்லாணியில் நான் மாட்டிய முதல் சாஃப்ட்னர்

அந்த மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களாக அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். வாங்கியவர், அவர் மனைவி, அதை மாட்டப் போன நான்.

அறுபதுகளின் தொடக்கம். ராமநாதபுரத்தில் ஒரு பைப் கடையில் ஃபிட்டராக இருந்தேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மெட்ராஸ் போய் வந்த முதலாளி, வாட்டர் சாஃப்ட்னர் என்று ஆளுயர இரும்பு டேங்க் ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே மணல் மாதிரி ஒரு சரக்கு. கிணற்றுத் தண்ணீர் அதன் வழியாக இறங்கினால் சுண்ணாம்பால் வரும் கடினத்தன்மை அதில் தங்கிவிடும். சரக்கு அசந்துபோனால் உப்புக் கரைசல் விட்டு அலசினால் மறுபடி வேலை செய்யும். கூடவே ஒரு இங்கிலீஷ் புத்தகம். நான் படம் மட்டும் பார்த்துவிட்டு, "எல்லாம் புரிஞ்சுபோச்சு மொதலாளி" என்றேன்.

"ஏலே சண்முகம், வாங்குறவரு என் சம்சாரத்தோட பெரியப்பா. மெஷின் அங்கன நிக்கலைன்னா நீ இங்கன நிக்க வேணாம்" என்றார் அவர்.

பெரியப்பா கருப்பையா நிலபுலன் உள்ளவர். திருப்புல்லாணியில் புது வீடு கட்டி, மேல்தொட்டி வைத்து, அடுப்படி வரை குழாய் போட்டிருந்தார்.

"இது என்னப்பா செய்யும்?"

"உப்புத் தண்ணி எளநியா வரும்ங்கய்யா" என்றேன். புத்தகத்தில் இளநீர் எங்கும் இல்லை. அது என் சொந்தச் சரக்கு.

மாட்டி முடித்து உப்பு மூட்டையைப் பிரித்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"உப்பை எடுக்குற மெஷினுக்கு உப்பையே போடுறியே, ஒனக்குக் கிறுக்கா?"

"அது ஒரு டெக்னிக்குங்கய்யா." விஷயம் தெரியாதவனுக்கு அந்த வார்த்தை எவ்வளவு பெரிய ஒத்தாசை!

கரைசல் விட்டு, அலசி, முதல் டம்ளரைப் பிடித்துப் பெருமையோடு நீட்டினேன். ஒரு வாய் குடித்தவர் அப்படியே துப்பினார். "இதுவா எளநி?" நானும் குடித்துப் பார்த்தேன். கிணற்றில் இருந்த அதே கரிப்பு. அலசியது போதவில்லை என்று நினைத்து வாளி வாளியாக வடியவிட்டேன். கரிப்பு போகவில்லை.

மாட்டுக்கொட்டகை ஓரமாக உட்கார்ந்து, அன்றுதான் அந்தப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கடினத்தன்மை போகும், கரிப்பு போகாது என்று இரண்டாம் பக்கத்திலேயே போட்டிருந்தது. நம்ம பக்கம் இரண்டையும் உப்புத் தண்ணி என்றே சொல்லிப் பழக்கம். நானும் இரண்டும் ஒன்று என்றே இருந்துவிட்டேன்.

"கழட்டி எடுத்துக்கிட்டுக் கெளம்பு" என்றார் கருப்பையா. ஸ்பேனரை எடுத்தேன். வேலை போனால் பெண் வீட்டாரிடம் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே முதல் நட்டைத் திருகினேன்.

"ஏப்பா, அதத் தொடாத!"

அவர் மனைவி பாக்கியம் கையில் அகப்பையோடு அடுப்படியிலிருந்து வந்தார். எங்கள் சண்டை எதுவும் தெரியாமல் அந்தக் குழாயில் பிடித்த தண்ணீரில் பருப்பு வேக வைத்திருக்கிறார்.

"இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததுலருந்து பருப்பு கல்லாட்டம் கெடக்கும். இன்னைக்கு அப்படியே மலந்துபோச்சு. சோப்பும் போட்டுப் பாத்தேன், நொரை பொங்குது."

"குடிக்க முடியலையே?" என்றார் கருப்பையா.

"குடிக்கத்தான் ஊருணித் தண்ணி எடுத்து வாரமே. சமைக்கிறதும் தொவைக்கிறதும் நானு. உப்பக் கொறைச்சுப் போட்டுக்கிறேன். இது இங்கனயே இருக்கட்டும்."

"சரி, ஸ்பேனர உள்ள வையி" என்றார் அவர். எனக்கும் இலை போட்டார்கள். அந்தப் பருப்பு நெய்போலக் குழைந்திருந்தது. சமைத்தவரை விட்டுவிட்டு மெஷினைப் புகழ்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொழிலுக்கு வரும் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். மெஷின் என்ன செய்யாது என்பதை முதலில் சொல். அந்த நாளுக்குப் பிறகு நான் எந்த வீட்டுக்குப் போனாலும், "இது குடிதண்ணி மெஷின் இல்லீங்க" என்றுதான் ஆரம்பித்தேன். "விக்கப் போறியா, வந்த ஆள வெரட்டப் போறியா?" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். விற்றது குறைவுதான். ஆனால் மாட்டிய ஒன்றைக்கூடக் கழட்டப் போனதில்லை.