செல்லுக்குப் பெரட்டுக் கூப்பிட்டேன்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் என் வாய் செய்த வேலை எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் மிஸ்ஸைப் பற்றிச் சொல்ல என்னிடம் இதைவிட நல்ல கதை இல்லை.

ஏ.எல்.லைப் பாதியில் விட்ட எனக்கு, நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை. அங்கே ஸ்டெம் செல் வளர்க்கிறார்கள். என்னவாக ஆகப்போகிறோம் என்று இன்னும் முடிவெடுக்காத செல். கிட்டத்தட்ட நான்தான். மூடி போட்ட சின்னக் கிண்ணங்களில், ரோஸ் நிறத் திரவத்தில் இருக்கும். அதுதான் அதற்குச் சாப்பாடு. தினமும் மாற்ற வேண்டும். அந்த ஆராய்ச்சியைச் செய்பவர்தான் மிஸ். உடப்புசல்லாவை ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. தீபாவளியன்றும் புதுச் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து ஊற்றினார். ஒரு சொட்டுத் தெறிக்காது. நான் வாயைப் பிளந்து பார்ப்பேன்.

ஒரு நாள் மூன்று கிண்ணங்களுக்கு ஊற்றிவிட்டு மிஸ் கூட்டத்துக்குப் போனார். மீதி மூன்று என் பொறுப்பு. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, திறந்த கிண்ணங்களின் மேல் குனிந்து, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதுபோலப் பெரட்டுக் கூப்பிட்டேன்.

"ஒன்னு, வந்தாச்சா? ரெண்டு, ஏன் லேட்டு? ஒனக்கு இன்னைக்கு அரை நாள் பேருதான், பாதிச் சம்பளந்தான்!"

மறுநாள் நான் ஊற்றியதில் ஒரு கிண்ணம் மஞ்சளாகக் கலங்கியிருந்தது. கிருமி. எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் ஆறையும் கொட்ட வேண்டும். மிஸ்ஸின் இரண்டு மாத உழைப்பு.

"தம்பி, நேத்து ஏதாச்சும் வித்தியாசமா நடந்துச்சா?"

வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். "பெரட்டுக் கூப்பிட்டேன் மிஸ்."

"யாருக்கு?"

"செல்லுக்கு."

கவசத்துக்கு மேலே அவர் கண் சிரித்தது. "எத்தன பேரு வந்தாங்க?"

"மூணு பேரு மிஸ். நீங்க ஊத்துன மூணையும் நான் தொடவே இல்ல. போத்தலும் வேற."

என் மூன்றையும் மருந்து ஊற்றி அழித்தார். தன் மூன்றையும் செல் வளர்க்கும் வேறு பெட்டிக்கு மாற்றினார். ஆய்வுகூடத்துப் பெரியவரிடம், "தனியா விட்டுட்டுப் போனது நான்தான் சேர்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"நாளைக்கும் நீதான் ஊத்துற. வாய மட்டும் வெளியில வச்சிட்டு வா."

மறுநாள் அவர் பக்கத்தில் நிற்க, ஒரு மணி நேரம் மூச்சுக் காட்டாமல் வேலை செய்தேன். அதற்கடுத்த நாளும் மூன்று கிண்ணமும் ரோஸாகவே இருந்தன. ஹட்டனில் போன் கடையில் வேலைக்கு நிற்கும் எங்கள் தோட்டத்துக் கூட்டாளிக்கு இதைப் பெருமையாக எழுதி அனுப்பினேன். பதில் உடனே வந்தது:

"ஒன்னய ஒரு மணி நேரம் வாய மூட வச்சாங்கல்ல, அந்த மிஸ்ஸுக்கு நம்ம கோயில் திருவிழாவுல பொன்னாடை போத்தணும்டா."