இடக்கை முடிச்சு

பேய், ஆவி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று சொன்னால், இப்படி எழுதுகிற எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதனால் என் வேலை என்ன என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆரல்வாய்மொழிப் பக்கம் நிற்கும் காற்றாலைகளின் இறக்கைகளை ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பார்கள். அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, இது விரிசல், இது அழுக்கு, இது பறவை எச்சம் என்று பிரித்துப் பட்டியல் போடுவதுதான் என் வேலை. இல்லாத விரிசலை எழுதினால் ஓடுகிற காற்றாலையை வீணாக நிறுத்துவார்கள். இருக்கிற விரிசலை விட்டால் இறக்கை முறியும். கண்ணில் பட்டதை மட்டும், பட்ட அளவுக்கு மட்டும் எழுதுவது எனக்குப் பழகிவிட்டது. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

கல்லூரியில் நாங்கள் மூன்று பேர் ஒரே அறை. பூதப்பாண்டிக்காரி நான், தக்கலை நிஷா, மணவாளக்குறிச்சி கடற்கரையிலிருந்து வந்த சகாயா. சகாயாவின் அண்ணன் ஆன்றோவை எங்கள் மூவருக்குமே அண்ணன் என்று சொல்லலாம். மாதம் ஒருமுறை மீன் பொரித்து எடுத்துக்கொண்டு விடுதி வாசலுக்கு வருவான். கேன்டீனில் எங்களோடு உட்கார்ந்தால் அவன் கை சும்மா இருக்காது. ஸ்ட்ராவின் காகித உறை, பயற்றங்காய், பூ கட்டிய நார், எது கிடைத்தாலும் வலைக்கண் போடுகிற முடிச்சைப் போட்டு வைத்துவிடுவான். ஒரு வளையம், அதைச் சுற்றி ஒரு சுற்று, பிறகு நுனியை அடியில் நுழைத்து ஒரே இழுப்பு. எனக்கும் சொல்லித்தந்திருக்கிறான். ஆனால் நான் போட்டால் அவன் போட்டதுபோல வராது, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி இருக்கும். அவன் இடக்கைக்காரன். அவன் முடிச்சு போட்ட இடத்தில் வலைக்கண் கோணும் என்று அவன் அப்பா கடைசிவரை ஏசிக்கொண்டே இருந்தாராம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஏஜென்ட் மூலம் கம்ப்யூட்டர் வேலை என்று தாய்லாந்துக்குப் போனான். போன இடத்திலிருந்து ஆற்றைக் கடந்து வேறு நாட்டுக்குக் கொண்டுபோய், சுற்றுச்சுவர் உள்ள ஒரு கட்டடத்தில் வைத்து, போனில் ஆட்களை ஏமாற்றுகிற வேலைக்குப் போட்டார்கள். இது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவன் அனுப்பிய குரல் செய்திகளில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசுவான். கடைசியாக வந்தது, “ஏட்டி, இனி கொஞ்ச நாளு போனு கையில இருக்காது, அம்மைகிட்ட சொல்லிரு.” அவ்வளவுதான். மனுக்கள் கொடுத்தோம், ரசீதுகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். அதே கட்டடத்திலிருந்து தப்பி வந்த ஒருவர், ஒரு மத்தியானம் ஆன்றோவை வேறு கட்டடத்துக்குக் கூட்டிப்போனார்கள் என்றார். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் யாரும் இல்லை.

சகாயாவின் ஊர் மாதா கோயிலில் பூசைக்கு முன் இரண்டு பட்டியல் வாசிப்பார்கள். முதலில் உயிரோடு இருப்பவர்களின் நலனுக்காக, அடுத்து மரித்தோருக்காக. அவள் அம்மை வாராவாரம் முதல் பட்டியலில் ஆன்றோவின் பெயரைக் கொடுத்துவந்தார்கள். நவம்பரில் மரித்தோரின் பெயர்களைத் தனிச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். போன வருஷம் அந்தச் சீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா பெயர்களை எழுதி, அதற்குக் கீழே ஒரு வரியை வெறுமையாக விட்டு, அம்மை சீட்டை சகாயாவிடம் கொடுத்துவிட்டார்கள். “எனக்கு எழுத கை வரல. உனக்கு எழுதணும்னு தோணினா எழுது.”

ஆன்றோ அங்கே என்னென்ன சாப்பிட்டேன் என்று சொன்னானோ அதையெல்லாம் தானும் ஒருமுறை சாப்பிட வேண்டும், சாப்பிட்டு முடித்ததும் அவன் பெயரை எழுதிவிட வேண்டும் என்று சகாயா முடிவு செய்தாள். பெட்டியில் போடக் கடைசி நாள் ஞாயிறு. எங்களை வரச் சொன்னது அதற்கு முந்தின சனிக்கிழமை.

நாகர்கோவிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தெரு இருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கடை போட்டு, இப்போது நேபாளம், கொரியா, வியட்நாம், தாய்லாந்து என்று வரிசையாகப் பலகை தொங்குகிறது. ஆன்றோவுக்கு அந்தச் சாப்பாடுகளின் பெயர் எதுவும் தெரியாது. நம் ஊர் சாமான் பெயரை வைத்துத்தான் சொல்லியிருந்தான். அவன் செய்திகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எதற்கு எந்தக் கடை என்று ஐந்து கடைகளுக்கு நான் பட்டியல் போட்டேன். எந்தக் கடையில் எவ்வளவு நேரம், சகாயாவுக்கு எந்த பஸ் என்பதுவரை எழுதியிருந்தேன்.

“சாப்பிடதுக்கும் லிஸ்டா பகவதி? மூச்சு விடதுக்கு ஒண்ணு போட்டிருப்பியே,” என்றாள் நிஷா.

நாலு மணிக்கு முதல் கடை. மாவுக்குள் கோழி வைத்து ஆவியில் வேகவைத்த மோமோ. நிஷா ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, “கொழுக்கட்டைக்குள்ள கோழியப் புதைச்சு வச்சிருக்கானுவ,” என்றாள். சகாயா சிரித்துவிட்டாள். “அவனும் இதையேதான் சொன்னாம்ட்டி. கொழுக்கட்டையில வெல்லம் போட மறந்துட்டானுவன்னு.” இரண்டாவது கடையில் இலையில் சுற்றிப் பொரித்த கோழி. மூன்றாவதில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய வடிகஞ்சி நிறத்தில் சாறு, உள்ளே நூடுல்ஸ், மேலே வெங்காயத்தாள். ஒவ்வொரு கடையிலும் நான் மேஜையைப் படம் எடுத்தேன். அது என் பழக்கம், வேறு காரணம் இல்லை. மழை வந்து வந்து நின்றது. சகாயா எல்லாவற்றையும் மிச்சம் வைக்காமல் தின்றாள். நடுநடுவே கைப்பையைத் திறந்து, சீட்டு இருக்கிறதா என்று பார்த்து மூடினாள்.

நாலாவது கடை குளச்சல்காரர் ஒருவருடையது. “நம்ம மீன் புளிமுளத்துல தண்ணிய ஊத்தி நாரங்காயப் பிழிஞ்சது மாதிரி” என்று ஆன்றோ சொன்ன சூப் அங்கேதான் கிடைக்கும். மூன்று கிண்ணம் வந்தது. நாலைந்து கரண்டி குடித்திருப்பாள், சகாயாவின் கை நின்றது. சூப்புக்குள்ளிருந்து எதையோ கரண்டியால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். விரல் நீளத்துக்கு எலுமிச்சைப்புல்லின் இரண்டு தண்டுகள். இரண்டையும் சேர்த்து முடிச்சு போட்டிருந்தது.

எலுமிச்சைப்புல்லை முடிந்து போடுவது தாய்லாந்துச் சமையலில் வழக்கம்தான் என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் முடிச்சைச் சரியாகப் பார்த்தேன். வளையம், சுற்று, அடியில் நுழைந்து வெளியே வந்த நுனி. திரும்பி இருந்தது, அவன் போடுகிற பக்கமாக.

எங்கள் இரண்டு பேரின் கிண்ணத்தையும் கிளறிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. நிஷா கடைக்காரரைக் கூப்பிட்டாள். “அண்ணாச்சி, இந்தப் புல்ல யாரு முடிஞ்சு போட்டது?”

அவர் குனிந்து பார்த்தார். “புல்லா? மக்களே, பொய் சொல்லப்படாது, நான் பாக்கெட் பேஸ்டுதான் போடுகேன். பச்சப்புல்லு வாங்கி மாசக்கணக்காச்சு.” எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் உள்ளே வந்து பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தேன். அசாமிலிருந்து வந்த ஒரு சமையல்காரர், இரண்டு அடுப்பு, ஒரு ஃப்ரிட்ஜ். அதன் ஒவ்வொரு தட்டையும் கடைக்காரர் திறந்து காட்டினார். சமையல்காரர் வலக்கையால்தான் கரண்டி பிடித்திருந்தார். அதையும் கவனித்துக்கொண்டேன்.

முடிச்சை டிஷ்யூவில் பொதிந்து சகாயா பைக்குள் வைத்தாள். வெளியே சாரலுக்கு ஒதுங்கி, கடை ஓடுகளுக்குக் கீழே நின்றோம்.

“எழுதிரு மக்கா,” என்றாள் நிஷா பைய. “உயிரோட இருக்கவன் இங்க வந்து உன் கிண்ணத்துல எப்படி முடிச்சு போடுவான்?”

“செத்தவனுக்குக் கை இருக்குமாட்டி?” என்றாள் சகாயா.

சகாயா என்னைப் பார்த்தாள். “நீ சொல்லு பகவதி. இது உள்ளது, இது இல்லாததுன்னு எழுதுறவ நீதானே.”

“இன்னும் ஒரு கடை இருக்கு,” என்றேன். எனக்கு அதுதான் வந்தது.

ஐந்தாவது கடையில் மாம்பழத் துண்டுகள், தேங்காய்ப்பால் ஊற்றிய பசைச்சோறு, ஆளுக்கொரு இளநீர் ஜூஸ். “பாயசத்துக்கும் சோத்துக்கும் நடுவுல நிக்குது, நல்லாத்தான் இருக்கு, நீ வந்தா செஞ்சு தாறேன்” என்று அவன் சொன்ன சாப்பாடு. பரிமாறியவரிடம் என் போனைக் கொடுத்து நிஷா மூன்று பேரையும் ஒரு படம் எடுக்கச் சொன்னாள். சகாயா தட்டை வழித்துத் தின்று முடித்தாள். சீட்டையும் பேனாவையும் எடுத்து மேஜையில் வைத்தவள், எழுதாமல் மறுபடி பைக்குள் வைத்தாள்.

“கொஞ்சம் இருப்போம் மக்கா,” என்றாள். “என்னன்னு தெரியல, எந்திரிக்க மனசு வரல.”

“ஏழு நாப்பதுக்கு பஸ். அத விட்டா ஒன்பதுதான். அம்மை தனியா இருப்பாங்கல்லா.”

“ஒரு அஞ்சு நிமிஷம்.”

“வழியில மழைட்டி. நட.” முதலில் எழுந்தது நான்தான்.

அன்று வீட்டுக்குப் போனதும் சகாயா டிஷ்யூவைப் பிரித்து அம்மையிடம் காட்டியிருக்கிறாள். அம்மை அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். மாதா சொரூபத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். மறுநாள் கடைசி வரி வெறுமையாகவே சீட்டு பெட்டிக்குள் போனது. அடுத்த வாரம் உயிரோடு இருப்பவர்கள் பட்டியலிலும் அம்மை அவன் பெயரைக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் கொடுக்கவில்லை. சகாயா கேட்டதற்கு, “எதுலன்னு தெரியாம எதுக்குக் குடுக்கணும்?” என்றார்களாம். இப்போது இரண்டு பட்டியலிலும் அவன் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் படங்களைக் கணினியில் ஏற்றி, இறக்கையில் விரிசல் தேடுவதுபோல ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தேன். முதல் கடையில் சகாயாவின் தம்ளருக்குப் பக்கத்தில் ஸ்ட்ரா உறை, முடிச்சோடு. இரண்டாவதில் எல்லாக் கோழித் துண்டுகளிலும் பல்குச்சி குத்தியிருக்க, அவள் தட்டில் ஒரே ஒரு துண்டின் இலை நுனி முடிச்சிட்டிருக்கிறது. மூன்றாவதில் அவள் கிண்ணத்தில் முடிச்சிட்ட வெங்காயத்தாள். மூன்றும் இடக்கை முடிச்சு. நாங்கள் யாருமே பார்க்கவில்லை. இந்த மூன்றையும் மறுநாளே சகாயாவுக்கு அனுப்பினேன்.

ஐந்தாவது கடையின் படத்தை மட்டும் அனுப்பவில்லை.

அதில் நாங்கள் மூவரும் இருக்கிறோம். ஆறு கைகளும் தெரிகின்றன. நிஷாவின் இரண்டும் கன்னத்தில். என் ஒரு கை பையின் வாரில், மற்றது நிஷாவின் நாற்காலியில். சகாயாவின் இரண்டும் மடியில். அவள் தட்டுக்கு இடப்பக்கம் ஸ்ட்ராவின் காகித உறை கிடக்கிறது. வளையம் இருக்கிறது, சுற்று இருக்கிறது, நுனி அடியில் நுழைந்து வெளியே வந்திருக்கிறது. இழுத்து இறுக்கப்படவில்லை. வெளியே வந்த நுனி மேஜையில் படாமல், இரண்டு அங்குலம் மேலே, விறைப்பாக அந்தரத்தில் நிற்கிறது.

காகிதம் தானாக அப்படி நிற்குமா என்று அதே உறையை வாங்கிவந்து பார்த்தேன். உலர்ந்தது, நனைந்தது, மின்விசிறி ஓட, நிறுத்தி, எல்லாம். நிற்கவில்லை.

மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றேன். மேஜைகளை இரவே துடைத்துக் குப்பையைக் கொண்டுபோய்விட்டார்களாம். படம் ஏழு இருபத்தொன்றுக்கு எடுத்தது. ஏழரைக்கு நாங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். நடக்கிற நேரத்தைக் கழித்தால், படம் எடுத்ததிலிருந்து மூன்று நாலு நிமிஷத்துக்குள் நான் எல்லோரையும் எழுப்பியிருக்கிறேன். யாரும் மேஜையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முடிச்சு இழுபட்டதா, அப்படியே விழுந்ததா என்று சொல்ல ஆளில்லை. அவள் ஐந்து நிமிஷம் கேட்டாள்.

இந்த நவம்பரிலும் சீட்டு வந்தது, கடைசி வரி வெறுமையாகவே போனது. போன வாரம் சகாயா போனில் கேட்டாள், “அன்னைக்குக் கடைசிக் கடையில எடுத்த படம் எங்கட்டி? அதுல எதாவது இருந்துச்சா?” எடுத்தவர் கை ஆடிவிட்டது, படம் தெளிவாக விழவில்லை என்றேன். நான் பார்த்த படத்தைப் பற்றிப் பொய் சொன்னது அதுவே முதல் தடவை.

படம் மிகத் தெளிவாக இருக்கிறது. அந்தரத்தில் நிற்கும் நுனியைப் பெரிதாக்கினால், கடைசியில் காகிதம் கொஞ்சம் நசுங்கியிருப்பது தெரிகிறது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்தால் நசுங்குமே, அந்த அளவுக்கு. எப்போதாவது அதைத் திறந்து, நுனிக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கிறேன். முடிச்சு இழுபட்டு அது கொஞ்சமாவது கூடியிருக்கிறதா என்று பார்க்கிறேன். இதுவரை கூடவில்லை.