நான் சுரண்டிய வேம்பு

முகத்துப் பளபளப்பை எடுப்பதில் திருகோணமலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஸ்ரூடியோவில் நெகட்டிவ் திருத்துவது என் வேலை. சரிந்த மேசையில் நெகட்டிவ்வை வைத்து, அடியிலிருக்கும் கண்ணாடியால் ஜன்னல் வெளிச்சத்தை அதற்குள் ஏற்றி, பூதக்கண்ணாடியால் பார்த்துப் பார்த்து மெல்லிய கத்தியால் சுரண்டுவேன். எங்கள் ஊர் வெயிலில் எந்த மாப்பிள்ளையும் நெற்றி மினுங்கத்தான் வந்து நிற்பார். கலியாணப் பேச்சுக்குக் கொடுக்கிற படத்தில் அது இருக்கக்கூடாது. நான் சுரண்டினால் இருக்காது.

ஸ்ரூடியோவை நடத்தியவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கிழமை நாட்களில் அவரும் எல்லாப் படக்காரரையும் போலத்தான். வந்தவரைக் கதிரையில் இருத்தி, நாடியை நிமிர்த்தி, படம் எடுப்பார். ஞாயிறு வந்தால் கமெராவைத் தூக்கிக்கொண்டு குச்சவெளி பஸ்ஸில் ஏறிவிடுவார். மரங்களிலும் கடற்கரைப் பாறைகளிலும் மனித முகங்களைத் தேடி எடுத்துக்கொண்டு வருவார். பாலை மரத்தின் அடிமரத்தில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய், கோபித்துக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பிவிட்ட பாறைக் கிழவன். அவருக்கு அப்படித் தெரியும். மற்றவர்களுக்கு மரமும் பாறையும்தான் தெரியும்.

அடையாள அட்டைப் படத்துக்கு ஊரே வந்து வரிசையில் நின்ற காலம் அது. "மரத்துக்கும் அடையாள அட்டை குடுக்கப்போறாங்களாமோ?" என்று வரிசையில் நிற்பவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு எரிச்சல் வரும். ஒரு ஞாயிறு நானும் என் கணவரும் அவரோடு போயிருந்தோம். ஒரு மரத்தின் கன்னத்தில் வெயில் விழ வேண்டும் என்று இரண்டு மணி நேரம் நின்றார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தொழிலில் அப்படி நிற்கத் தெரிந்த வேறு ஆளை நான் கண்டதில்லை.

ஆனால் படத்தை நீட்டி, "தெரியுதோ தங்கச்சி?" என்று என்னைக் கேட்கும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். "ஓம் அண்ணை, நல்லாத் தெரியுது" என்பேன். உண்மையில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

கொழும்பில் ஒரு படக் கண்காட்சி வருகிறது, அதற்கு ஒரு படம் அனுப்பப்போகிறேன் என்று ஒருநாள் சொன்னார். அங்கே நூறு பேர் பார்த்தால் ஒருவருக்காவது முகம் தெரியாதா என்பதுதான் அவருடைய ஆசை. அனுப்ப நினைத்தது குச்சவெளி வீதியில் நின்ற ஒரு வேம்பு. இரண்டு கணுக்கள் கண்களாம். ஒன்றிலிருந்து பிசின் வடிந்து, வயதான ஒருவர் அழுவதுபோல் இருக்குமாம். அவர் எடுத்த மறுகிழமை வீதியை அகலமாக்க அந்த மரத்தைத் தறித்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரே ஒரு நெகட்டிவ்.

அந்த நெகட்டிவ் எப்படியோ என் பெட்டிக்குள் வந்துவிட்டது. ஒரு கலியாண வீட்டுப் படங்களோடு அதுவும் கிடந்தது. நெகட்டிவ்வில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும். அதிலும் நான் பூதக்கண்ணாடிக்குள் விரல்நுனி அளவு இடத்தைத்தான் பார்ப்பேன். சுருக்கம் விழுந்த முகம், கன்னம் முழுக்க வேர்வை. முகத்தைத் துடைத்துவிட்டு வந்து நின்றால் என்ன என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே சுத்தமாகச் சுரண்டி எடுத்தேன். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

பின்னேரம் அண்ணை ஈரப் பிரிண்டோடு இருட்டறையிலிருந்து வெளியே வந்தார்.

"இதை ஆர் சுரண்டினது?"

"நான்தான் அண்ணை. அந்த வயசாளிக்குச் சரியான வேர்வை."

அவர் படத்தை மேசையில் வைத்தார். பார்த்தேன். வேம்பு. கணுவுக்குக் கீழே பிசின் இருந்த தடமே இல்லை. "ஐயோ அண்ணை" என்றதோடு அழுகை வந்துவிட்டது.

"வயசாளி எண்டோ சொன்னீங்கள்?" என்று கேட்டார்.

"ஓம்."

"ஆர் எண்டு நினைச்சனீங்கள்?"

"கலியாணப் பொம்பிளையின்ர தகப்பனாக்கும் எண்டு."

அவர் கதிரையில் இருந்தார். படத்தை எடுத்தார், வைத்தார், திரும்பவும் எடுத்தார். பிறகு சிரித்தார். வரிசைக்காரர்களோடு சிரிக்கும் சிரிப்பு இல்லை அது. கண் கலங்கிப் போயிருந்தது.

"இனிக் கொழும்புக்கு என்னத்தை அனுப்புவீங்கள்?" என்றேன்.

"ஒண்டும் அனுப்பமாட்டன். ஒராளுக்காவது தெரியோணும் எண்டுதானே அனுப்ப நினைச்சனான்."

அதற்கு மேல் என்னால் தாங்க ஏலவில்லை. இவ்வளவு பெரிய மனதுக்காரரிடம் இத்தனை நாளும் பொய் சொல்லியிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

"அண்ணை, முந்திக் காட்டின படங்களில எனக்கு ஒண்டும் தெரியேல்லை. சும்மா ஓம் எண்டு சொன்னனான்."

"தெரியும்" என்றார். "ஓம் எண்டு சொல்லேக்க நீங்கள் ஒருநாளும் படத்தைப் பாக்கிறேல்லை. என்ர முகத்தைத்தான் பாக்கிறனீங்கள்."