கனமான ஸ்டியரிங்

தெருவில் அவரைப் பயில்வான் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆளைப் பார்த்தால் ஒட்டடைக் குச்சிக்குச் சட்டை மாட்டி நிறுத்தியதுபோல இருப்பார். பலமாகத் தும்மினால் அவரே இரண்டடி பின்னால் போய்விடுவாரோ என்று தோன்றும். கூப்பிட்டவர்கள் எல்லோரும் கிண்டலுக்குத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் பெயரை வைத்தவள் கிண்டலுக்கு வைக்கவில்லை. வைத்தவள் அவருடைய மனைவி.

கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் சொன்னாளாம்: “எங்க வீட்டுக்காரரு உடம்பைப் பாத்து ஏமாந்துடாதீங்க. அந்த வண்டி ஸ்டியரிங்கை நான் ரெண்டு கையாலயும் தொங்கினாத்தான் அசையும். அவரு ஒத்தக் கையால சுத்துறாரு. இன்னொரு கையால காது குடையுறாரு. பயில்வானுங்க அவரு!” பக்கத்து வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பெயர் பரவிவிட்டது. அவருக்கு அதில் உள்ளுக்குள் ஏகப்பட்ட குஷி. ஊரார் எப்படிச் சொன்னால் என்ன, வீட்டில் ஒருத்தி நிஜமாகவே நம்புகிறாளே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். நிமிர்த்த அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

வண்டி ஒரு டீசல் பிக்கப். வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோ, துணி மூட்டை, மடியில் வைத்துக்கொள்ளும் சுவர்க் கடிகாரம் என்று ஏற்றி இறக்கியே அவருடைய வாலிபம் போனது. குறுகலான சந்துகளில் நுழைந்து திரும்ப வேண்டிய பிழைப்பு என்பதால் ஸ்டியரிங்தான் அவருக்கு உயிர். அது லேசாக முனகினாலும் அவருக்குச் சோறு இறங்காது. வருஷா வருஷம் அதன் ஆயிலை மாற்றிவிடுவார். ஒர்க்‌ஷாப்பில் விட மாட்டார். “அவன் மேலால உறிஞ்சிட்டுப் புதுசை ஊத்திடுவான். ஸ்டியரிங் பம்புக்குள்ள இருக்கிற அழுக்கு அப்படியே இருக்கும்” என்பார்.

அவருடைய முறை இப்படி. பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங் ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வருகிற குழாயைக் கழற்றி, அதன் நுனியை ஒரு காலிக் கேனுக்குள் விடுவார். குழாய் இருந்த ஓட்டையை அடைத்துவிடுவார். பிறகு அவர் டப்பாவில் புது ஆயிலை ஊற்ற ஊற்ற, உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய ஆயில் கரித்தண்ணீர்போலக் கேனில் கக்கும். கக்குவது சிவப்பாக மாறினால் வேலை முடிந்தது. இவ்வளவும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான். எஞ்சின் ஓடினால் பம்பு ஒரே மூச்சில் டப்பாவைக் காலி செய்துவிட்டுக் காற்றை விழுங்கிவிடும் என்பது அவர் பயம். பயம் நியாயமானதுதான். ஆனால் முன்சக்கரங்களையாவது ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கலாம். அந்தக் காலத்தில் அவரிடம் நல்ல ஜாக்கி இல்லை. இரவல் கேட்கவும் கௌரவம் விடவில்லை. சிமெண்டுத் தரையில் டயர் பதிந்து நிற்க, எஞ்சின் செத்துக் கிடக்க, அந்த ஸ்டியரிங்கைத் திருப்புவது அம்மிக்கல்லைத் தட்டாமாலை சுற்றுவது மாதிரி.

உள்ளே உட்கார்ந்து அதைத் திருப்பினது ஒவ்வொரு வருஷமும் அவர் மனைவி. முடியை அள்ளி முடிந்துகொண்டு, இரண்டு காலையும் கீழே முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பாள். “இடது! இன்னும்! நிறுத்து! இப்ப வலது!” என்று இவர் பானெட்டுக்குப் பின்னாலிருந்து கத்துவார். அன்று ராத்திரி வீடு முழுக்கத் தைல வாசனை அடிக்கும். தோளைத் தேய்த்துக்கொண்டே அவள் சொல்வாள்: “இதைப் போய்த் தினமும் எப்படித்தாங்க திருப்புறீங்க?”

எஞ்சின் ஓடும்போது அது குழந்தைகூடத் திருப்புகிற மாதிரி லேசாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பயில்வான் என்ன ஆவான்? அவர் வெறுமனே சிரித்துவைத்தார்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும், ஆண்பிள்ளைப் பெருமை என்று தள்ளிவிடலாம். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் மனைவி ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாள்.

“ஏங்க, எனக்கும் வண்டி ஓட்டக் கத்துக் குடுங்களேன். நீங்க அடுத்தவங்க லாரியில போற அன்னைக்கெல்லாம் இது சும்மாதானே வாசல்ல நிக்குது.”

அவருக்கு இரண்டு பயம். வண்டி போய் எங்கேயாவது இடித்துவிடுமோ என்பது ஒரு பயம். அவள் ஓட்ட ஆரம்பித்தால் தனக்கென்று வீட்டில் என்ன மிச்சம் இருக்கும் என்பது அதைவிடப் பெரிய பயம். அதை அவர் தனக்கேகூட ஒப்புக்கொள்ளவில்லை.

“ஓட்டுறதுன்னா சும்மாவா? அந்த ஸ்டியரிங்கை நீதானே திருப்புற, உனக்குத் தெரியாதா? நிக்கிற வண்டிக்கே ரெண்டு நாள் தைலம் தேய்க்கிற. ஓடுற வண்டியைத் திருப்பிடுவியா?”

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். “அதுவும் சரிதான்” என்றாள். பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அவள் அம்மா ஊரில் உடம்புக்கு முடியாமல் கிடந்த நாளில் இவர் வேறொருவர் லாரியில் சரக்கோடு போயிருந்தார். காலையிலேயே தங்கச்சி போனில் அழுதாள். “அம்மா உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு, சீக்கிரம் வா அக்கா.” அன்று பஸ்காரர்கள் வேலைநிறுத்தம். வாடகைக் கார்காரர்களும் அதைச் சாக்காக வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். இவள் இவருக்குப் போன் போட்டாள். “நீ பதறாதே, நான் மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்” என்றார். சரக்கு இறக்குகிற இடத்தில் இழுத்தடித்துவிட்டார்கள். இவர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பிக்கப் வாசலில் நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அதன் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அம்மா போய்விட்டாள்.

திரும்பி வரும் வழியில் அவள் அழவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: “என் கையில கொஞ்சம் பலம் இருந்திருக்கலாம்.”

அவர் அப்போது ஒரு கையால்தான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். சட்டென்று இரண்டாவது கையையும் வைத்து அழுத்திப் பிடித்தார். உண்மையைச் சொல்ல அதைவிடத் தோதான நேரம் அவருக்குக் கிடைக்கவில்லை; அதைவிடக் கஷ்டமான நேரமும் கிடைக்கவில்லை. வீடு வரைக்கும் இரண்டு கையாலும் ஓட்டினார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அதற்குப் பிறகு ஆயில் மாற்ற அவர் அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். நல்ல ஜாக்கி இரண்டு வாங்கினார். சக்கரங்களைத் தூக்கிவிட்டுத் தானே உள்ளே ஏறித் திருப்புவார், இறங்கி ஓடி ஊற்றுவார், மறுபடி ஏறுவார். மனுஷன் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளை அந்த ஸீட்டில் உட்காரவைக்கப் பயம். தப்பித் தவறி எஞ்சினும் ஓடி, அவள் கையும் பட்டுவிட்டால் எல்லாம் வெட்ட வெளிச்சமாகிவிடும். “என்மேல உங்களுக்கு எவ்வளவு கரிசனம்” என்று அவள் சொன்னபோது அவர் குனிந்து ஜாக்கியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கடைசியில் முழங்கால் இரண்டும் கைவிரித்துவிட்டன. பீரோ தூக்குகிற வயசு தாண்டிவிட்டது. வண்டியை விற்றுவிடுவது என்று முடிவானது. வாங்குகிறவர் சாயங்காலம் வந்து ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். முனகுகிற ஸ்டியரிங்கோடு வண்டியைக் கைமாற்றிவிட இவருக்கு மனசு வரவில்லை. மத்தியானம் பானெட்டைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

முழங்கால் காலை வாரியது அப்போதுதான். நாலைந்து தடவை ஏறி இறங்கியதில் மூச்சு வாங்கியது. ஸீட்டிலேயே கொஞ்சம் சாய்ந்தார். திருப்பிக்கொண்டே இருந்தார், டப்பாவில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இறங்கவில்லை. இறங்கிப் பார்த்தபோது டப்பா காய்ந்து கிடந்தது. பம்பு வயிறு நிறையக் காற்றைக் குடித்திருந்தது. சக்கரங்களைத் தரைக்கு இறக்கி, குழாயை மாட்டி, ஆயிலை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டார். அடிபட்ட நாய்க்குட்டிபோல அது ஊளையிட்டது. டப்பாவில் சோப்பு நுரைபோலப் பொங்கியது.

காற்றை வெளியேற்ற ஒரே வழிதான். எஞ்சின் மெதுவாக ஓட, ஒருவர் உள்ளே உட்கார்ந்து நிதானமாக ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். இன்னொருவர் நுரையைப் பார்த்து ஆயிலை விட வேண்டும். தனியாளாகச் செய்தால் மறுபடியும் காற்றுதான். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார். எல்லா வீடும் பூட்டிக் கிடந்தது.

சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள். கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே, “என்னங்க இப்படிக் கத்துது? தள்ளுங்க, நான் உக்கார்றேன்” என்றாள்.

“வேணாம், வேணாம். நீ உள்ள போ. நான் பாத்துக்கிறேன்.”

“என்னத்தப் பாத்துப்பீங்க? நிக்கவே முடியல உங்களால. நான் திருப்பாத ஸ்டியரிங்கா?”

அவள் ஏறிவிட்டாள். எஞ்சினை அணைக்க வேண்டும் என்று நினைத்தார்; சாவி அவள் பக்கம் இருந்தது. கண்ணாடி வழியாக அவள் முடியை அள்ளி முடிவது தெரிந்தது. கால்களை முட்டுக்கொடுத்தாள். பல்லைக் கடித்தாள். இரண்டு கையாலும் பிடித்து, பழைய பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள்.

ஸ்டியரிங் எண்ணெயில் வழுக்கியதுபோல அப்படியே சுற்றிப்போனது. பிடிமானம் போய் அவள் கதவில் சாய்ந்தாள். தோள் இடித்துக்கொண்ட சத்தம் எஞ்சின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையை எடுத்துவிட்டாள். மற்றக் கையில் ஒரு விரலை மட்டும் வைத்துத் திருப்பினாள். திரும்பியது. அந்தப் பக்கம் திருப்பினாள். அதற்கும் திரும்பியது.

“என்னங்க இது?”

“புது ஆயிலு...” என்று வாய் தன் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் மேலே போக முடியவில்லை. “இல்ல. எஞ்சின் ஓடினா இப்படித்தான் இருக்கும்.”

“எப்பவுமா?”

“எப்பவும்தான். வண்டி வாங்கின நாள்லேருந்து.”

நுரை இன்னும் அடங்கவில்லை என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. அவள் விரலால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள். அவர் ஆயிலை ஊற்றினார். இடது, வலது என்று கத்த அவருக்கு வாய் வரவில்லை. அவளுக்கும் அது தேவைப்படவில்லை. ஊளை முனகலானது, முனகல் நின்றது. டப்பாவில் ஆயில் சிவப்பாகத் தெளிந்து நின்றது. அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். அது எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவர் கதவருகே வந்து நின்றார். கண் கலங்கிப்போயிருந்தது. “வண்டியை விக்க வேணாம். அந்த ஆளுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன். நாளைக்கே உனக்குக் கத்துக் குடுக்கிறேன். நீ எங்க போகணும்னாலும் நீயே ஓட்டிக்கிட்டுப் போ.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார். அவள் ஸ்டியரிங்கிலிருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை.

“எனக்குப் போக வேண்டிய இடம் ஒண்ணுதாங்க இருந்துச்சு” என்றாள்.