இரண்டு கதவுத் தெரு

செங்கல்பட்டில் எங்கள் ஏரிக்கரைத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்வாசலுக்கு நேராகப் பின்வாசல் வைத்துத்தான் வீடு கட்டுவார்கள். ஏரி நிரம்பித் தண்ணீர் தெருவுக்கு வந்தால் இரண்டு கதவையும் திறந்துவிட்டு, செங்கல்மேல் தூக்கி வைத்த கட்டிலில் உட்கார்ந்து நாஸ்தா சாப்பிடுவார்கள். தண்ணீர் வந்த சுவடே தெரியாமல் பின்னால் போய்விடும்.

தொண்ணூறுகளில், ஏரி காய்ந்து நாங்கள் அதில் கிரிக்கெட் ஆடிய காலத்தில், கல்பாக்கத்து வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்த அப்பா இங்கே மனை வாங்கினார். வீட்டைச் சுற்றி ஆளுயர மதில் எழுப்பினார். எங்களுக்கு முன்னால், ஏரிப் பக்கமாக, எருமை வளர்க்கும் அக்காவின் மண்சுவர் வீடு. அவள் பின்வாசல் எங்கள் மதிலைப் பார்த்து நின்றது.

"சாரு, தண்ணி போற வழி இது. ஒரு சந்து வுடு சாரு" என்றாள்.

"காஞ்ச ஏரிக்கு வழி எதுக்கும்மா?" என்றார் அப்பா. அவர் உடும்புப்பிடிக்காரர். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

சில வருஷம் கழித்து ஓர் ஐப்பசியில் ஏரி நிரம்பியது. தண்ணீர் அக்கா வீட்டுக்குள் நுழைந்து, பின்வாசலில் இறங்கி, எங்கள் மதிலில் முட்டி, திரும்பி அவள் சுவரையே சூழ்ந்துகொண்டது. மாடியிலிருந்து பார்த்தோம். எருமைகளை ஓட்டிவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

"செவுரு கரைஞ்சிகினே கீது சாரு. வூடு வுய்ந்துடும்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அம்மா மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, நம்ம வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. அதான் எனக்கு வெக்கமா இருக்கு."

அப்பா கீழே இறங்கி முன்கதவையும் பின்கதவையும், பின்மதில் கேட்டையும் திறந்தார். பிறகு கடப்பாரையை எடுத்து, அக்கா வீட்டுப் பக்கம் இருந்த தன் மதிலைத் தானே இடித்தார். பேனா பிடித்த கை. பத்தாவது குத்திலேயே கொப்பளம். அந்தப் பக்கமிருந்து அக்காவின் புருஷன் இடித்தான். சுவர் சரிந்ததும் தண்ணீர் எங்கள் கூடத்தில் புகுந்தது. பீரோ, என் புத்தகங்கள், எல்லாம் நனைந்தன. அன்றைக்கு அப்பாவை எனக்கு ரொம்பப் பிடித்தது.

மண்சுவர் ஒரு மூலையில் பிதுங்கி, அப்படியே நின்றுவிட்டது.

உடைந்த மதில் வழியாகவே அக்கா வந்தாள். கையில் நான்கு செங்கல். எங்கள் கட்டிலை உயர்த்தி வைத்தாள்.

"நாளைக்கு வடிஞ்சிடும். மேல ஏறிக் குந்து அண்ணாத்த, நாஸ்தா எட்தாறேன்."

அதுவரை அவரை அவள் சாரு என்றுதான் கூப்பிட்டிருந்தாள். அப்பா மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்தார்.