அக்காவுக்கு நான் சொன்ன முடிவு

அக்கா புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். நான் சொல்லவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றுகொண்டு, ஒரு பக்கத்தையே வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு மூடி என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, விறகு பொறுக்கப் போய்விட்டாள். அப்போது எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பதினாறு.

கோலா சுங்கை பாரு போகும் சாலையோரத் தோட்டத்தில் அப்பாவும் அக்காவும் பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்தார்கள். அம்மா இறந்த பிறகு என்னைக் குளிப்பாட்டியதும், தலை வாரி தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும் அக்காதான். அவள் பள்ளிக்கூடம் போனதே இல்லை. மலாக்கா டவுனிலிருந்து சைக்கிளில் துணி மூட்டையோடு வரும் வியாபாரி, துணிக்கு அடியில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களும் கொண்டு வருவார். அதில் ஒன்று ஏழு பாகம் கொண்ட மாயக்கதை. சூனியக்காரி ஒருத்தி அக்காளைக் கொக்காக்கிக் குளக்கரையில் விட்டுவிடுகிறாள். அவளை மீட்கும் மருந்தைத் தேடித் தங்கை ஏழு கடல் தாண்டிப் போகிறாள். மதியம் ஸ்டோரில் பாலை ஊற்றிவிட்டு வந்து, கையில் காய்ந்திருக்கும் பாலை நூல்நூலாக உரித்துக்கொண்டே அக்கா கேட்பாள். நான் படிப்பேன். கதையில் தங்கை தடுமாறும் இடமெல்லாம், "ஐயோ, பாத்துப் போ புள்ள" என்பாள். மறுநாள் நிரையில் மரம் வெட்டும்போது பக்கத்து நிரைப் பெண்களுக்கு அதை ஒரு வரி விடாமல் சொல்வாளாம். ஆறு பாகங்கள் இப்படியே போயின.

ஏழாவது பாகம் வந்த அன்று நான் விளையாட்டில் பால் வாளியைத் தட்டிவிட்டேன். வெட்டிய பாலில் பாதி மண்ணில் ஓடியது. அக்கா என் முதுகில் ஓர் அடி வைத்தாள். அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போய், தனியாகவே முழுவதையும் படித்து முடித்தேன். சாயங்காலம் அவள் வந்து, "கோவமா கண்ணு? படிச்சுச் சொல்லேன்" என்று கேட்டபோது, "வேணும்னா நீயே படிச்சுக்க" என்று அவள் கையில் திணித்தேன். அப்போதுதான் அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாலு நாள் அந்த வீம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவர்களின் பெயரை ஆபீஸ் கிராணி வாசித்தார். ரப்பர் விலை விழுந்துபோன காலம் அது. அப்பா பெயரும் அக்கா பெயரும் அதில் இருந்தன. மலாக்கா டவுனிலிருந்து சின்னம்மா ஓடி வந்தாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. "சின்னவ என்கிட்ட இருக்கட்டும்லா, அத்தான். அங்க போயி இவ என்ன செய்வா? இங்க படிக்கட்டும்" என்றாள். அப்பா அக்காவைப் பார்த்தார். அக்காதான் தலையாட்டினாள்.

ஆட்களை ஏற்றிக்கொண்டு லோரி கிளம்பும் நேரத்தில் அக்கா குனிந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ புத்தி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கடைசில அந்தத் தங்கச்சி வீடு வந்து சேந்தாளா?" என்று கேட்டாள்.

சேரவில்லை. ஏழாவது தீவில் அவளை ராணியாக்கிவிடுகிறார்கள். அங்கே இருந்த சுகத்தில் வந்த வழியை மறந்துபோகிறாள். குளக்கரையில் கொக்கு நிற்பதோடு கதை முடிகிறது.

"சேந்துட்டாக்கா. அக்காவும் மறுபடி பொண்ணாயிட்டா" என்றேன்.

அவள் சிரித்தாள். லோரி திரும்பும்வரை அந்தச் சிரிப்பு தெரிந்தது.

சின்னம்மா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. படித்தேன், டவுனிலேயே கல்யாணமும் ஆனது. ஊரிலிருந்து யாரையாவது பிடித்து அக்கா கடிதம் எழுதச் சொல்வாள். எல்லாக் கடிதத்திலும் எப்போது வருகிறாய் என்ற கேள்வி இருக்கும். அடுத்த வருஷம் என்று பதில் போடுவேன். பிறகு பதில் போடுவதையும் தள்ளிப்போட்டேன். அப்புறம் உலக யுத்தம் வந்து கப்பல் நின்றது. கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் நான் போகவில்லை. காரணம் கேட்டால் என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒருநாள் பென்சிலில் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. குண்டு குண்டான எழுத்து. அக்காவின் மகள் எழுதியிருந்தாள். "அம்மா போன மாதம் இறந்துவிட்டார்கள். என்னை அடித்துப் படிக்க வைத்தது அம்மாதான். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொக்குக் கதை தெரியும். முடிவைச் சொல்லும்போது மட்டும், இது என் தங்கச்சி படித்துச் சொன்னது, அவளும் வந்துவிடுவாள் என்பார்கள். சித்தி, எப்போது வருகிறீர்கள்?"

அன்று முழுதும் அழுதேன். பிறகு உட்கார்ந்து, எல்லாவற்றையும் எழுதினேன். அந்தத் தங்கை வரவேயில்லை, அவள் வழியை மறந்துவிட்டாள், உன் அம்மாவிடம் நான் சொன்னது பொய், என்னை மன்னித்துக்கொள் என்று எழுதி அன்றைக்கே தபாலில் போட்டுவிட்டேன்.

பதில் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டியவளிடம் சொல்லாமல் விட்டு, சொல்லியிருக்கக் கூடாத குழந்தையிடம் சொல்லிவிட்டேன்.